சேலத்தில் ஓர் எண்ணிக்கை, ஏற்காட்டில் ஓர் எண்ணிக்கை: கால நீட்சியைச் சோதித்துப் புரிந்துகொள்வது எப்படி

நகரும் கடிகாரம், நிற்கும் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டீனின் சார்பியல். இதுதான் கால நீட்சி. இதை விளக்கப் பேருந்தையும் ரயிலையும் உதாரணம் காட்டுவது வழக்கம். படம் வரைந்து காட்ட அவை உதவும், நம்ப வைக்க உதவாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சராசரியாக மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஏறும் பேருந்தில் ஒரு கடிகாரத்தை வைத்தால், வேகத்தால் மட்டும் அது பின்தங்குவது சுமார் 1.4 பிக்கோ விநாடி. ஒரு விநாடியை லட்சம் கோடித் துண்டுகளாக வெட்டினால் அதில் ஒன்றரைத் துண்டுகூட இல்லை. இதை எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் அளக்க முடியாது.

ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் கடிகாரங்கள் வேண்டும். அவை நம் தலைக்கு மேல் இரவு பகலாகப் பொழிந்துகொண்டிருக்கின்றன. விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான அண்டக்கதிர்கள் சுமார் 15 கி.மீ. உயரத்தில் காற்றணுக்களில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்கள்தான் அவை. எலெக்ட்ரானைப் போல 207 மடங்கு நிறை, சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ விநாடி. கடல்மட்டத்தில் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது. துகள் சிதைவதே அதன் கடிகாரம். ஒரு கூட்டம் மியூவான்களில் எத்தனை பிழைத்தன என்று எண்ணினால், அவற்றின் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு மலை வேண்டும், மலையடியில் ஓர் ஊர் வேண்டும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1515 மீட்டர். நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள், 1237 மீட்டர் உயர வித்தியாசம். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு உயரம் கிடைப்பது இயற்பியல் படிப்பவர்களுக்குப் பெரிய வசதி.

முதலில் காகிதத்தில்

கருவியைத் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கைக் கையால் போட்டுவிடுங்கள். என்ன எண் வந்தால் என்ன பொருள் என்று முன்கூட்டியே தெரியாமல் மலையேறினால், கையில் எண்கள் மட்டுமே மிஞ்சும்.

ஒளி விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் போகிறது. 1237 மீட்டரைக் கடக்க அதற்கு 4.13 மைக்ரோ விநாடி. மியூவானால் இதைவிடச் சீக்கிரம் வர முடியாது. 4.13 ஐ 2.197 ஆல் வகுத்தால் 1.88. அதாவது நம் கடிகாரப்படி, ஏற்காட்டைக் கடந்த மியூவான் சேலம் வருவதற்குள் 1.88 சராசரி ஆயுள் கழிந்திருக்கும். மியூவானின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒரே மாதிரி ஓடினால், பிழைக்கும் பங்கு 2.718 இன் (கணிதத்தில் e எனும் எண்) அடுக்கு −1.88, அதாவது 0.153. ஏற்காட்டில் 1000 எண்ணினால் சேலத்தில் 153 தான் எண்ண வேண்டும். ஏற்காட்டு எண்ணிக்கை சேலத்தைப் போல ஆறரை மடங்கு இருக்க வேண்டும்.

இந்த ஆறரையை மனத்தில் நிறுத்துங்கள். மொத்தச் சோதனையும் இதைச் சுற்றித்தான்.

பலரும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். அரை ஆயுளையும் சராசரி ஆயுளையும் குழப்பிக்கொள்கிறார்கள். மியூவானின் அரை ஆயுள் 1.52 மைக்ரோ விநாடி, சராசரி ஆயுள் 2.197. முதலாவதை எடுத்தால் 2 இன் அடுக்கில் போட வேண்டும், இரண்டாவதை எடுத்தால் 2.718 இன் அடுக்கில். கலந்து போட்டால் 0.153 க்குப் பதில் வேறு எண் வரும்.

அடுத்து, சார்பியல் என்ன சொல்கிறது? கட்டம் போட்ட தாளில் ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள்: அடி 3 கட்டம், உயரம் 4, சாய்வுப் பக்கம் 5. ஓடும் பெட்டிக்குள் தரையிலிருந்து கூரைக்கு ஒளி போகிறது. உள்ளே இருப்பவர் பார்ப்பது 4 கட்டம் நேராக மேலே. வெளியே நிற்பவர் பார்ப்பது 5 கட்டம் சாய்வாக, ஏனென்றால் அதற்குள் பெட்டி 3 கட்டம் நகர்ந்துவிட்டது. ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே. ஆகவே உள்ளே 4 துடிப்பு ஓடும்போது வெளியே 5 துடிப்பு ஓடுகிறது. பெட்டியின் வேகம் ஒளிவேகத்தில் 5 இல் 3 பங்கு, நீட்சிக் காரணி 5 ஐ 4 ஆல் வகுத்த 1.25. பொது வாய்பாடு இதே முக்கோணம்தான்:

நீட்சிக் காரணி = 1 ÷ √(1 − (வேகம் ÷ ஒளிவேகம்)²)

ஒளிவேகத்தில் 0.866 பங்குக்குக் காரணி 2. 0.995 க்கு 10. 0.999 க்கு 22. கடைசி இலக்கங்களில் எப்படிப் பாய்கிறது என்று கவனியுங்கள். கடல்மட்டத்தை அடையும் மியூவான்களின் சராசரி ஆற்றல் சுமார் 4 கிகா எலெக்ட்ரான் வோல்ட், அவற்றின் காரணி 38 ஐ ஒட்டி வரும்.

காரணி 10 என்றால் மியூவானின் கடிகாரத்தில் ஓடுவது 4.13 அல்ல, 0.41 மைக்ரோ விநாடிதான். பிழைப்பது 83 விழுக்காடு. இதுதான் போட்டி: 15 விழுக்காடா, 80 ஐ ஒட்டியா? இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் மலிவான கருவியே போதும் என்கிறோம்.

கருவி

தேவை இரண்டு பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகள், ஒவ்வொன்றும் 10 × 10 × 1 செ.மீ. மியூவான் ஊடுருவும்போது பலகையில் மெல்லிய நீல ஒளி மின்னும். அதைப் பிடித்து மின் சைகையாக மாற்ற 6 × 6 மி.மீ. சிலிக்கான் ஒளிப்பெருக்கி ஒன்றை, ஒளியியல் பசை தடவி, பலகையோடு ஒட்ட வேண்டும். பசைக்குள் காற்றுக் குமிழி நின்றால் ஒளியில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடும். பலகையை வெறும் விரலால் தொடாதீர்கள். அசிட்டோனால் துடைக்கவே கூடாது, பரப்பு வெடித்து மங்கிவிடும். மெல்லிய சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். பிறகு அலுமினியத் தாள் ஒரு சுற்று, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று.

ஒளிக்கசிவைச் சோதிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். இருட்டறையில் ஒரு நிமிடம் எண்ணுங்கள், பிறகு டார்ச் அடித்துக்கொண்டு ஒரு நிமிடம். எண் ஏறினால் எங்கோ ஊசித்துளை இருக்கிறது. மூலைகளிலும் கம்பி வெளிவரும் இடத்திலும்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஒவ்வொரு பலகையின் சைகையும் பெருக்கி வழியாகவும், ஒரு தாழ்வரம்புக்கு மேற்பட்ட சைகையை மட்டும் விடும் ஒப்பீட்டுச் சுற்று வழியாகவும் வந்து அரை மைக்ரோ விநாடி அகலமுள்ள துடிப்பாக வெளியேற வேண்டும். இரண்டு துடிப்புகளையும் 74-எச்.சி-08 சில்லின் ஒரு வாயிலில் (AND வாயில்) கொடுத்து, வெளியீட்டை ஆர்டுயினோ நானோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்தியின் குறுக்கீட்டு முனையில் இணையுங்கள். இரண்டு பலகையும் ஒரே நேரத்தில் மின்னினால்தான் ஓர் எண் ஏறும். பாறையிலிருந்து வரும் காமாக் கதிரும் மின்னணு இரைச்சலும் ஒரு பலகையைத் தட்டும். இரண்டையும் ஒருசேரத் தட்டுவது அபூர்வம்.

அபூர்வம் என்றாலும் எவ்வளவு என்று கணக்கிட்டுவிட வேண்டும். தற்செயல் பொருத்த வீதம் = 2 × துடிப்பகலம் × முதல் பலகையின் வீதம் × இரண்டாம் பலகையின் வீதம். தனித்தனியே விநாடிக்கு 20 என்றால் மணிக்கு ஒன்றரை, பொருட்படுத்த வேண்டாம். விநாடிக்கு 200 என்றால் மணிக்கு 144! எல்லாம் கெட்டுவிடும். ஒப்பீட்டுச் சுற்றின் தாழ்வரம்பை உயர்த்தி இரைச்சலைக் குறையுங்கள்.

இரு பலகைகளுக்கும் நடுவே 10 செ.மீ. இரும்பு வையுங்கள். 10 × 10 செ.மீ. அளவில் 10 மி.மீ. தடிமனுள்ள தகடுகள் பத்து. ஒன்று சுமார் 790 கிராம், மொத்தம் 8 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. லேத் பட்டறையில் வெட்டுத்துண்டாகவே கிடைக்கும், கஞ்சமலை இருக்கும் ஊரில் இரும்புக்கா பஞ்சம்? இதை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அண்டக்கதிர்ப் பொழிவில் எலெக்ட்ரான்களும் வருகின்றன, உயரம் கூடக் கூட அவை மியூவான்களைவிட வேகமாகப் பெருகும். இரும்பு அவற்றில் பெரும்பாலானவற்றை விழுங்கிவிடும். மியூவானுக்கு இந்த இரும்பைக் கடக்கச் சுமார் 115 மெகா எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் சட்டத்தில் அசையாமல் இறுக்குங்கள். பலகைகளின் இடைவெளி ஒரு செ.மீ. மாறினாலும் கருவி பார்க்கும் வானத்தின் அளவு மாறிவிடும். கருவி நன்றாக வேலை செய்தால் மணிக்கு ஆயிரத்தைச் சுற்றி எண் வரும். சிண்டிலேட்டர் கிடைக்காதவர்கள் கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாய்கள் இரண்டை அடுக்கியும் செய்யலாம். பரப்பு குறைவு என்பதால் நாள் கணக்கில் எண்ண வேண்டியிருக்கும், 400 வோல்ட் மின்னழுத்தத்தையும் கவனமாகக் கையாள வேண்டும்.

எண்ணும் நாள்

வரிசை இதுதான்: சேலம், ஏற்காடு, மறுபடியும் சேலம். கடைசி அளவீட்டை அலுப்பில் விட்டுவிடுவார்கள். ஆனால் கருவி வழியில் தடம்புரண்டதா என்று சொல்வது அது ஒன்றுதான். இரண்டு சேலம் எண்களும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகாவிட்டால், ஏற்காட்டு எண்ணையும் நம்ப முடியாது.

ஓர் இடத்தில் குறைந்தது நான்கு மணி நேரம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் பிழை. 1000 எண்ணினால் 32, அதாவது 3 விழுக்காடு. 5000 எண்ணினால் 71, ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு.

இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. சேலத்தில் கான்கிரீட் கூரைக்கு அடியிலும் ஏற்காட்டில் ஏரிக்கரை வெட்டவெளியிலும் எண்ணினால் கூரையையும் சேர்த்து அளக்கிறீர்கள். தட்டையான மொட்டைமாடி இரண்டு ஊரிலும் கிடைக்கும், அதுவே நல்லது. ரசமட்டம் வைத்துப் பலகையைக் கிடையாக நிறுத்துங்கள். மியூவான்கள் நேர்மேலிருந்து அதிகம், சாய்வில் குறைவு. பத்து பாகை சரிந்தாலே 3 விழுக்காடு போய்விடும்.

உயரத்தைக் கைபேசியின் ஜி.பி.எஸ். காட்டும் எண்ணில் எடுத்துக்கொள்ளலாம். 20 மீட்டர் தவறினாலும் 0.07 மைக்ரோ விநாடிதான் மாறும்.

இப்போது மிக முக்கியமான பொறி. சிலிக்கான் ஒளிப்பெருக்கி வெப்பத்துக்கு மிகவும் கூச்சப்படும். சேலத்தில் கோடை நண்பகல் 38 பாகை, ஏற்காட்டில் 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில், முறிவு மின்னழுத்தம் (ஒளிப்பெருக்கி பெருக்கத் தொடங்கும் மின்னழுத்தம்) பாகைக்கு 21.5 மில்லி வோல்ட் நகரும். 15 பாகைக்கு 0.32 வோல்ட். முறிவுக்கு மேல் நாம் கொடுப்பது 4.5 வோல்ட் என்றால் அதில் இது 7 விழுக்காடு. குளிரில் பெருக்கம் கூடும், சேலத்தில் தாழ்வரம்பைத் தாண்டாத சிறு சைகைகள் ஏற்காட்டில் தாண்டிவிடும். எண் ஏறும், மலையால் அல்ல, குளிரால். வெப்பத்தில் இரைச்சலும் பெருகும், அதனால் சேலத்தில் தற்செயல் பொருத்தங்கள் கூடும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசை என்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று விடாதீர்கள். கருவியைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு வெப்பமானி செருகி, சேலத்தில் விடியற்காலையிலும் ஏற்காட்டில் நண்பகலிலும் எண்ணுங்கள். வித்தியாசம் பாதியாகக் குறையும். தாழ்வரம்பைச் சற்று ஏற்றி இறக்கிப் பார்த்து, பொருத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறாத மட்டத்தில் நிறுத்திவிட்டால் மீதியும் அடங்கும். ஏற்காட்டின் பனிமூட்டத்தில் ஈரம் புகுந்து சுற்றில் கசிவு வரும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள்.

எண்ணிலிருந்து விடைக்கு

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் ஏற்காட்டில் 6100, சேலத்தில் 4800. விகிதம் 4800 ÷ 6100 = 0.787, பிழை 0.015. இதன் இயல் மடக்கை −0.24. 0.24 ஐ 2.197 ஆல் பெருக்கினால் 0.53 மைக்ரோ விநாடி. மியூவான்களின் கடிகாரத்தில் அவ்வளவுதான் ஓடியிருக்கிறது. நம் கடிகாரத்தில் 4.13. காரணி 7.8, பிழை 0.6. கடிகாரங்கள் ஒத்து ஓடியிருந்தால் சேலத்தில் வந்திருக்க வேண்டியது 933 தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மியூவானின் வேகத்தை நாம் அளக்கவே இல்லையே? தேவையில்லை. ஒளிவேகத்தில் வந்தாலே 4.13 மைக்ரோ விநாடி ஆகும். மெதுவாக வந்தால் இன்னும் அதிகம், சிதைவும் அதிகம். சாய்வாக வருபவை இன்னும் நீண்ட தூரம் கடக்கின்றன. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள காற்று, சதுர செ.மீ.க்குச் சுமார் 130 கிராம், மியூவானிடமிருந்து 250 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிப் பறித்து, மெதுவான சிலவற்றைச் சேலம் வரவிடாமல் நிறுத்திவிடுகிறது. இவை எல்லாமே சேலத்து எண்ணைக் குறைக்கும் காரணங்கள். அதாவது நமக்கு எதிராக வேலை செய்பவை. அப்படியிருந்தும் சேலத்தில் இத்தனை வருகின்றன என்பதுதான் வாதத்தின் பலம். நீங்கள் பெறும் காரணி ஒரு கீழ்வரம்பு. பல வேகங்களில் வரும் மியூவான்கள் கலந்திருப்பதால் அது ஒரே துகளின் காரணியும் அல்ல.

காற்றின் இழப்பையும் சரிக்கட்ட நினைப்பவர்கள் ஏற்காட்டில் கருவிக்கு மேலே கூடுதலாக 20 செ.மீ. இரும்பு வைக்க வேண்டும். சாய்வில் வருபவையும் அதன் வழியே வர வேண்டுமென்றால் 30 × 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. எடை 140 கிலோ தாண்டும், வேன் இருந்தால் செய்யுங்கள். 1963 இல் இயற்பியலாளர்கள் ஃப்ரிஷ், ஸ்மித் இருவரும் வெளியிட்ட அமெரிக்க அளவீடு இந்த நுணுக்கத்தோடு செய்யப்பட்டது. வாஷிங்டன் மலையில், 1907 மீட்டர் உயரத்தில், மணிக்கு 563. கடல்மட்டத்தில் 408. கால நீட்சி இல்லையென்றால் 27 தான் வந்திருக்க வேண்டும். அதற்கும் முன்பு 1941 இலேயே ரோசியும் ஹாலும் கொலராடோ மலைகளில் செய்த இதன் முதல் வடிவத்தை வெளியிட்டுவிட்டார்கள். காற்றே இல்லாமல் செய்த சோதனையும் உண்டு. 1977 இல் செர்ன் ஆய்வகத்தின் சேமிப்பு வளையத்தில் காரணி 29.3 இல் சுற்றிய மியூவான்கள் 64.4 மைக்ரோ விநாடி வாழ்ந்தன. 2.197 ஐ 29.3 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

யாருடைய கடிகாரம்?

எண் கிடைத்த பிறகும் புரிதல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடமும் இதுதான். "மியூவானுக்கு ஏதோ ஆகி அதன் சிதைவு மெதுவானது" என்று சொல்லிவிடக் கூடாது. மியூவானோடு சேர்ந்து விழும் ஒருவருக்கு அது 2.197 மைக்ரோ விநாடி ஆயுளோடு சாதாரணமாகத்தான் இருக்கிறது. அவருக்கு மலைதான் மேல்நோக்கிப் பாய்ந்து வருகிறது, அந்த மலையின் உயரமும் சுருங்கியிருக்கிறது. காரணி 10 என்றால் 1237 மீட்டர் அவருக்கு 124 மீட்டர்.

அப்படியானால் அவருக்குச் சேலத்துக் கடிகாரம்தானே மெதுவாக ஓட வேண்டும்? ஆம், பத்தில் ஒரு பங்கு வேகத்தில். பிறகு எப்படி மியூவான் வந்து சேரும்போது சேலத்துக் கடிகாரம் 4.15 காட்டுகிறது?

வேகம் 0.995, காரணி 10 என்று வைத்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஏற்காட்டிலும் சேலத்திலும் நாம் ஒத்திசைத்த இரண்டு கடிகாரங்கள். மியூவான் ஏற்காட்டைக் கடக்கும் கணத்தில் ஏற்காட்டுக் கடிகாரம் சுழி. நம் பார்வையில் அப்போது சேலத்துக் கடிகாரமும் சுழி. மியூவானின் பார்வையில் அப்படியில்லை. நமக்கு ஒரே கணம் என்பது அதற்கு ஒரே கணம் அல்ல. அதற்குச் சேலத்துக் கடிகாரம் முன்னதாகவே ஓடியிருக்கிறது, அளவு வேகம் × தூரம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம், அதாவது 4.105 மைக்ரோ விநாடி. பயணத்துக்கு மியூவான் எடுக்கும் நேரம் அதன் கடிகாரத்தில் 0.415. அதற்குள் மெதுவாக ஓடும் சேலத்துக் கடிகாரம் நகர்வது 0.0415. கூட்டுங்கள்: 4.105 + 0.0415 = 4.15. நாம் சேலத்திலிருந்து கணக்கிட்டாலும் 1237 மீட்டரை 0.995 ஒளிவேகத்தில் கடக்க 4.15. இருவரும் ஒரே முள்ளை ஒரே இடத்தில் படிக்கிறார்கள். இந்த வரியைத் தாளில் ஒருமுறை நீங்களே எழுதாதவரை கால நீட்சி ஒரு வாய்பாடாகவே நிற்கும்.

எந்த நேரத்தைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று தடுமாறினால் ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டு நிகழ்ச்சிகளும் யாருக்கு ஒரே இடத்தில் நடந்தன? 'ஏற்காட்டைக் கடந்தது', 'சேலத்தைத் தொட்டது' இரண்டும் மியூவானுக்குத் தன் இடத்திலேயே நடந்தவை. அதன் ஒரு கடிகாரம் போதும். நமக்கு இரண்டு ஊரில் இரண்டு கடிகாரம் தேவைப்பட்டது. ஒரு கடிகாரத்தால் அளந்த நேரம்தான் குறைவு, அதைக் காரணியால் பெருக்கினால் மற்றவர் நேரம்.

மலையில் கடிகாரம் வேகமாக ஓடும் என்று கேள்விப்பட்டவர்கள் அதை இதனோடு கலந்துவிடக் கூடாது. அது ஈர்ப்பினால் வருவது, பொதுச் சார்பியல். ஏற்காட்டுக் கடிகாரம் சேலத்தை விட நாளுக்குச் சுமார் 12 நானோ விநாடி முந்தும். மியூவான் இறங்கும் நாலு மைக்ரோ விநாடியில் அதன் பங்கை எந்தக் கருவியிலும் பார்க்க முடியாது.

ஒரே நாளில் மூன்றாவது புள்ளி வேண்டுமென்றால் சேர்வராயன் கோயில் மேடு, ஏற்காட்டைவிட நூறு மீட்டருக்குச் சற்று அதிக உயரம். ஆனால் அந்த நூறு மீட்டருக்கு எண் இரண்டு மூன்று விழுக்காடுதான் நகரும், நான்கு மணி நேர எண்ணிக்கையின் பிழைக்குள் அது புதைந்துவிடும். அதைவிட மலைப்பாதையின் பாதி உயரத்தில், வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு காபித் தோட்டத்தில் அனுமதி கேட்டு, சில்வர் ஓக் மரங்கள் தலைக்கு மேல் கவியாத திறந்த இடமாகப் பார்த்து எண்ணுங்கள். மூன்று எண்களின் இயல் மடக்கையையும் உயரத்துக்கு எதிராக வரைபடத் தாளில் குறித்தால், நடுப்புள்ளி கோட்டுக்கு அருகே விழுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். வெகுதூரம் விலகினால் முதலில் வெப்பமானிப் பதிவைப் பாருங்கள்.